சர்வர் நாகேஷ்



போன இதழில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் சார்லி சாப்ளினைப் பற்றி எழுதியிருந்தார். எல்லாரும் படிச்சிருப்பீங்க. கறுப்பு ஸ்கெட்ச்சில் தொப்பியும் கைத்தடியும் வரைந்து ஒட்டியிருந்ததே, அதுதான். கடைசியில் அவர், "நம் தமிழில் சாப்ளினைப் போல யார் இருக்கிறார்? தெரிந்தவர்கள் எழுதலாமே" என்று கேட்டிருந்தார். நான் தமிழ் ஐயாவிடம் கை தூக்கிவிட்டேன். ஐயாவும் ஒரு முழு சார்ட் கொடுத்துவிட்டார். என் கையெழுத்து கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள்ளவும்.

நான் எழுதப்போவது நடிகர் நாகேஷ் பற்றி. அதற்கு முன்னாடி நான் ஏன் கை தூக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஒரு நாடகம் போடுகிறது. அதில் ஒரு ஹோட்டல் காட்சி. எனக்கு சர்வர் வேடம். வசனம் இரண்டே இரண்டு. ஒன்று, "என்ன சார் சாப்பிடறீங்க?" இன்னொன்று, "பில் சார்." மிஸ் என் பெயரை வாசித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "அவனுக்கு அது ரத்தத்துலயே இருக்கு மிஸ்" என்றான். ஐந்தாறு பேர் சிரித்தார்கள். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. (அவன் இதையும் படிப்பான். டேய், பெயர் எழுதலடா, பயப்படாதே.)

என் அப்பா அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு ஹோட்டலில் 19 வருஷமாக சர்வராக இருக்கிறார். போன வருஷம் பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'தனியார்' என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை, ஹோட்டலும் தனியார்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாடகத்தில் எனக்கு வேடம் வேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். காரணத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா திட்டவில்லை. அவருக்குச் செவ்வாய்க்கிழமைதான் வார லீவு. அன்றைக்குச் சாயங்காலம், "வா, இப்படி உக்காரு" என்று போனில் ஒரு படம் போட்டார். சர்வர் சுந்தரம்.

இனி நாகேஷ்.

அவர் 1933 செப்டம்பர் 27ஆம் தேதி தாராபுரத்தில் பிறந்தார். வீட்டில் பேசுவது கன்னடம். முழுப்பெயர் நாகேஸ்வரன். குண்டுராவ் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆளோ ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒல்லி! பெயர் வைத்தவர்கள் அப்போதே காமெடியை ஆரம்பித்துவிட்டார்கள் போல.

இளம் வயதில் அவருக்குப் பெரியம்மை வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம் வந்து, ஆறும்போது முகத்தில் பள்ளம் பள்ளமாகத் தழும்பு நின்றுவிட்டது. நமக்கு இந்த நோய் தெரியாது. தடுப்பூசியால் உலகம் முழுக்க ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னம்மை வேறு, இது வேறு. பெரியம்மை வந்தவர்களில் பல பேர் பிழைக்கவே மாட்டார்கள், பிழைத்தவர்களுக்குத் தழும்பு மிஞ்சும். அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி கணேசன் என்று பளிச்சென்ற முகங்கள். அவர்கள் நடுவில் அம்மைத் தழும்போடு ஒருவர் போய் நின்று, 'நானும் நடிக்கிறேன்' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முகப்பரு வந்ததற்கே நான் இரண்டு நாள் லீவு போட்டவன்.

வேலை தேடிச் சுற்றி, கடைசியில் ரயில்வேயில் கிளார்க் ஆனார். அங்கே ஊழியர்கள் சேர்ந்து நாடகம் போடுவார்கள். அதைப் பார்த்த நாகேஷுக்கு, 'இவர்களை விட நாம் நன்றாகச் செய்யலாமே' என்று தோன்றியிருக்கிறது. போய் வாய்ப்புக் கேட்டார். கிடைத்தது என்ன வேடம் தெரியுமா? வயிற்றுவலிக்காரன். கதாநாயகன் இல்லை, வில்லன் இல்லை. வயிற்றுவலி என்று வந்து துடித்துவிட்டுப் போகிற ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்த விழாவுக்குத் தலைமை விருந்தினராக வந்தவர் எம்.ஜி.ஆர். நாடகம் முடிந்ததும் மேடையில் அவர் பாராட்டியது அந்த வயிற்றுவலிக்காரனைத்தான். எத்தனை பேர் பக்கம் பக்கமாக வசனம் பேசியிருப்பார்கள்! அவர்கள் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது.

நான் இந்த இடத்தை அப்பாவிடம் படித்துக் காட்டியபோது அவர், "நெஜ வயித்துவலிக்காரன் கத்த மாட்டான்டா. மூச்சைப் புடிச்சிக்கிட்டு ஒரு பக்கமா சாய்வான். ஹோட்டல்ல தெனம் ஒருத்தனைப் பாக்கறேன்" என்றார். அவர் ஹோட்டல் சாப்பாட்டைக் குறை சொல்கிறாரா என்று கேட்டேன். "அத எழுதாத" என்றார். எழுதிவிட்டேன்.

பிறகு நாகேஷ் வேலையை விட்டார். தி.நகரில் ஓர் அறையில் கவிஞர் வாலி, நடிகர் ஸ்ரீகாந்த் இவர்களோடு தங்கி வாய்ப்புத் தேடினார். மூன்று பேருமே அப்போது பெயர் தெரியாதவர்கள். 1959இல் 'தாமரைக்குளம்' படத்தில் முதல் வாய்ப்பு. 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்த பிறகுதான் ஜனங்களுக்கு அவர் முகம் பதிந்தது.

இதே சமயத்தில் இன்னொரு கிளார்க்கும் ஆபீஸ் முடிந்ததும் நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்த கே.பாலச்சந்தர். இரண்டு குமாஸ்தாக்களும் சேர்ந்தார்கள். பாலச்சந்தர் நாடகமாக எழுதியதுதான் 'சர்வர் சுந்தரம்'. 1964இல் கிருஷ்ணன்-பஞ்சு அதைப் படமாக எடுத்தார்கள். நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆரம்பித்ததும் அதே 1964தான். 'எஸ்டேட் வந்தது, ஷிப்ட் வந்தது, ஷிப்டுக்கு வர்றவனுக்கு இட்லி போட ஹோட்டல் வந்தது, அப்புறம் நான் வந்தேன்' என்று அப்பா தன் வரலாற்றை ஒரே வரியில் சொல்வார்.

படத்தின் கதை இது. சுந்தரம் ஹோட்டலில் சர்வர். முதலாளியின் மகள் ராதா (கே.ஆர்.விஜயா) தன்னிடம் அன்பாகப் பேசுவதைக் காதல் என்று நினைத்துவிடுகிறான். அவளுக்குப் பிடித்தது அவனுடைய நண்பனை (முத்துராமன்). சுந்தரம் சினிமாவில் சேர்ந்து பெரிய நடிகனாகிறான், காசு வருகிறது. ஆனால் காதலும் கிடைப்பதில்லை, ஷூட்டிங்கில் இருக்கும்போதே அம்மாவும் போய்விடுகிறார். கடைசியில் சுந்தரம் மறுபடியும் சர்வர் உடுப்புக்கே திரும்புகிறான். நடுவில் ஒரு பாடல் பதிவு காட்சி உண்டு. அதில் எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனும் அவர்களாகவே வருவார்கள். சினிமாப் பாட்டை எப்படிப் பதிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தக் காட்சி ஒரு பாடம்.

அப்பா கதையைப் பார்க்கவே இல்லை. நாகேஷின் கையை மட்டும்தான் பார்த்தார். கையில் அடுக்கடுக்காக ஏந்திக்கொண்டு நாகேஷ் வளைந்து நெளிந்து வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, திருப்பிப் போட்டு, மறுபடி நிறுத்தினார். போன் சூடாகிவிட்டது.

"கண்ணு எங்க இருக்குது பாரு. கையில இருக்கிற அடுக்கைப் பாக்கறானா? இல்ல. போற வழியைப் பாக்கறான். புதுசா வர்ற பையன் தட்டையே பாத்துக்கிட்டு நடப்பான், கவுத்துடுவான். தட்டு கையில இருக்குதுன்னு கைக்குத் தெரியும், கண்ணுக்கு என்ன வேலை? இந்தாளு யாரையோ பாத்துக் கத்துக்கிட்டு வந்திருக்கான்டா."

எழுந்து போய் வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டு மூன்றை எடுத்து வந்தார். இடது கையில் ஒன்றை விரலால் பிடித்து, இன்னொன்றை மணிக்கட்டுக்கு மேலே வைத்து, மூன்றாவதை முழங்கைப் பக்கம் தாங்கி நடந்து காட்டினார். வலது கை காலியாக இருக்கணுமாம், சாம்பார் வாளிக்கு. நான் 15 வருஷமாக அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது சாப்ளினுக்கு வருகிறேன். போன இதழில் சொல்லாத ஒரு விஷயம்: சாப்ளினும் சர்வர் வேடம் போட்டிருக்கிறார். ஒரு முறை இல்லை, பல முறை. 1914இல் ஒரு குறும்படம். 1916இல் 'தி ரிங்க்'. 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்'. 'தி ரிங்க்' படத்தில் ஒரு குண்டு மனிதர் சாப்பிட்டு முடித்துவிட்டு பில் கேட்பார். சாப்ளின் அவருடைய சட்டையில் ஒழுகியிருக்கிற கறைகளைப் பார்த்துப் பார்த்தே என்னென்ன சாப்பிட்டார் என்று கணக்குப் போடுவார்! அப்பாவுக்கு இதைக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் நடனமாடுகிற கூட்டத்துக்கு நடுவே வறுத்த வாத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகப் பாடுபடுவார். கூட்டம் அவரை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளும். கடைசியில் தட்டு வந்து சேரும், வாத்து மேலே சரவிளக்கில் மாட்டியிருக்கும். அப்பா, "ஞாயித்துக்கெழம காலையில எங்க ஹாலும் இப்படித்தான்" என்றார்.

இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஐயா இதைச் சரியா என்று கேட்டு யோசிக்கச் சொன்னார், யோசித்துத்தான் எழுதுகிறேன். சாப்ளினின் சர்வர் வேலையைக் கெடுப்பவர். தட்டு விழும், சாப்பாடு மாறும், முதலாளி துரத்துவார். அதில்தான் சிரிப்பு. நாகேஷின் சுந்தரம் வேலை தெரிந்தவன். அவன் வேகத்தையும் லாவகத்தையும் பார்த்து நாம் சிரிக்கிறோம். சர்க்கஸில் கம்பி மேல் நடப்பவரைப் பார்த்தால் நமக்கே தெரியாமல் ஒரு சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்பு. சுந்தரத்துக்கு அடி விழுவதெல்லாம் ஹோட்டலுக்கு வெளியே, அவன் மனசில்தான்.

இதனால் சாப்ளின் குறைந்தவர் என்று சொல்லவில்லை. 1889இல் லண்டனில் பிறந்த அவர் 7 வயதில் ஏழைகள் விடுதியில் இருந்தவர், பசி தெரிந்தவர். அவர் கிண்டல் செய்தது முதலாளிகளையும் இயந்திரத்தையும்தான். இன்னொன்றும் உண்டு. 'மாடர்ன் டைம்ஸ்' சர்வர் பாட வேண்டும். பாட்டைச் சட்டைக் கைப்பட்டையில் எழுதி வைத்திருப்பார். கையை வீசியதில் அது பறந்து போய்விடும். உடனே எந்த மொழியிலும் இல்லாத சொற்களை வைத்துப் பாடிவிடுவார். ஊமைப் படங்களில் 20 வருஷத்துக்கு மேல் நடித்தவரின் குரலை ஜனங்கள் திரையில் கேட்டது அப்போதுதான் முதல் தடவை, அதுவும் அர்த்தமே இல்லாத வார்த்தைகளில்.

நாகேஷுக்கோ குரல்தான் பாதி பலம். சந்தேகம் இருந்தால் 1965இல் வந்த 'திருவிளையாடல்' பாருங்கள். தருமி நமக்குப் புதியவர் இல்லை. குறுந்தொகையின் 2ஆம் பாட்டை இறையனார் அவருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற கதையை ஐயா வகுப்பில் சொல்லியிருக்கிறார். படத்தில் தருமி கோவிலில் தனியாக நின்று ஆயிரம் பொற்காசுக்காகப் புலம்புகிறார். எதிரே யாரும் இல்லை. வறுமை, ஆசை, கோபம், தன்மேலேயே பரிதாபம் எல்லாம் மூச்சு விடாமல் மாறி மாறி வருகிறது. பிறகு சிவபெருமானாக சிவாஜி வந்ததும், கேள்வியும் பதிலுமாக ஒரு பந்தாட்டம். சிவாஜி முன்னால் நின்றால் மற்றவர்கள் காணாமல் போவார்கள் என்பார்கள். அந்தக் காட்சியில் நான் தருமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் இந்தப் பகுதியை வெட்ட வேண்டாம் என்று சிவாஜியே சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. அப்படிச் சொன்னார் என்றால் அவரும் பெரிய மனசுக்காரர்தான்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் அப்பாவாக வரும் டி.எஸ்.பாலையாவுக்கு நாகேஷ் ஒரு பேய்க்கதை சொல்வாரே, அதைப் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் உடனே பார்க்கவும். ஒரு முறை நாகேஷை மட்டும் பாருங்கள். இன்னொரு முறை பாலையாவை மட்டும் பாருங்கள். கேட்டுக்கொண்டிருப்பவரும் நடிக்க வேண்டும் என்பது அப்போது புரியும். (நாடகத்தில் நடிக்கும் என் வகுப்பு நண்பர்கள் கவனிக்க! மற்றவன் வசனம் பேசும்போது கூட்டத்தில் அம்மா எங்கே என்று தேடாதீர்கள்.)

'எதிர்நீச்சல்' (1968) நம் வயதுக்காரர்களுக்கான படம். மாது என்ற அநாதை இளைஞன். பல குடித்தனம் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இடம். எல்லார் வீட்டு வேலையும் செய்து, மிச்சம் மீதி சாப்பிட்டுப் படிக்கிறான். அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சவடால் வைத்தி. மாதுவைப் பார்த்து அழுத ஜனங்களே வைத்தியைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஆள், ஒரே ஒல்லி உடம்பு, ஒரே தழும்பு முகம்.

எழுபதுகளுக்குப் பிறகு அவருக்குப் பழைய மாதிரி படங்கள் வரவில்லை. தி.நகரில் தன் பெயரிலேயே கட்டிய தியேட்டரும் இப்போது இல்லை. ஆனால் 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லனாக வந்தார். சிரிக்க வைத்தவரைப் பார்த்துப் பயப்பட வைத்தார்கள்.

1994இல் இரண்டு படங்கள். ஒன்று 'மகளிர் மட்டும்'. அதில் அவர் பிணம். ஆமாம், பிணமாகவே வருகிறார்! கண் சிமிட்ட முடியாது, பேச முடியாது. தூக்குகிறவர்கள் எப்படித் தூக்கினாலும் கையும் காலும் அதற்கேற்ற மாதிரி விழ வேண்டும். வயிற்றுவலிக்காரனுக்காவது முனகல் இருந்தது. இதில் அதுவும் இல்லை. தியேட்டரே அதிர்ந்ததாம். இன்னொன்று 'நம்மவர்'. அதில் மகளை இழக்கும் தந்தை. அந்த வேடத்துக்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. முதல் படம் வந்து 35 வருஷம் கழித்து! பத்ம விருது எதுவும் அவருக்குத் தரவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். எனக்கும்தான்.

2009 ஜனவரி 31ஆம் தேதி சென்னையில் நாகேஷ் காலமானார். அதற்கு முந்தின வருஷம் வந்த 'தசாவதாரம்' படத்தில் நடித்திருக்கிறார். அதில் அவருக்கு மனைவியாக வருபவர் யார் தெரியுமா? கே.ஆர்.விஜயா! 1964இல் சர்வர் சுந்தரத்துக்குக் கிடைக்காத ராதா, 44 வருஷம் கழித்து மனைவியாக வருகிறார். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மா. படம் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், "பாத்தியா, கடைசில கட்டிக்கிட்டான்" என்றார்.

நான் மிஸ்ஸிடம் போய் வேடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல வேளை, வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. இப்போது தினம் ராத்திரி அப்பா டூட்டி முடிந்து வந்ததும் அரை மணி நேரம் ஒத்திகை. இரண்டு தட்டு வரைக்கும் வந்துவிட்டேன். மூன்றாவதில் முழங்கை நடுங்குகிறது. 'என்ன சார் சாப்பிடறீங்க?' என்று கேட்கும்போது டேபிளைப் பார்க்கக் கூடாதாம், ஆளைப் பார்க்கணுமாம். பசியோடு வந்தவனா, நேரம் போக்க வந்தவனா என்று முகத்திலேயே தெரிந்துவிடுமாம். அதற்கு ஏற்ற மாதிரி கேள்வியின் குரல் மாறுமாம். ஒரே வசனத்தை அப்பா ஏழு விதமாகச் சொல்லிக் காட்டினார். நான் நான்கு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆண்டு விழா அன்றைக்கு அப்பாவுக்கு மதியம் ஷிப்ட். சாயங்காலம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்கிறார். கிடைத்தால் ஹோட்டல் உடுப்போடு நேராக இங்கேதான் வருவார்.